இன்னும் ஒரு கரண்டி

"ரூம் எல்லாம் ஃபுல்லுங்க" என்றார் லாட்ஜ்காரர்.

"நேத்து கேட்டப்ப மாடி பூரா காலியா இருக்குன்னு சொன்னீங்களே?" என்றார் மேனேஜர்.

"நேத்து நீங்க கால்பந்து டீம்னு சொல்லலியே. ஏதோ சுத்திப் பாக்க வர்றீங்கன்னு நெனச்சேன்."

"டீம்னா என்னங்க? நாங்களும் படுத்துத் தூங்கத்தானே போறோம்?"

"நல்லாத் தூங்கி எந்திரிச்சு, மறுநாள் எங்க பசங்களைத் தோக்கடிக்கவா? வேற எடம் பாருங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. வேறு இடம் பார்க்கலாம்தான். ஆனால் அந்த ஊரில் இருந்ததே ஒரு லாட்ஜ்.

மேனேஜர் என்பது பேருக்குத்தான். அந்தச் சின்னக் கால்பந்து கிளப்புக்குப் பஸ் பிடிப்பது, கிழிந்த வலையைத் தைக்க ஆள் தேடுவது, தலைவர் கோபமாக இருக்கும்போது எதிரில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் அவர் வேலை. இப்போது பக்கத்து நாட்டில் டீமுக்குப் படுக்க இடம் தேடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

எல்லாம் கூட்டு லீக் பேச்சு கிளம்பியதிலிருந்து வந்த வினை. இந்த நாட்டு லீக்கில் மொத்தமே எட்டு டீம்கள். ஒரு சீசனில் நாலு தடவை அதே ஆட்கள் அதே ஆட்களோடு மோதினார்கள். எதிரணி ஆள் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது தின்பண்டம் விற்கிறவருக்குக்கூட மனப்பாடம். வரவரப் பார்க்க வருகிறவர்களை மேனேஜர் பேர் சொல்லி விசாரிக்கும் நிலைமை வந்துவிட்டது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டிலும் இதே கதைதான். ஆகவே இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, இரண்டு லீக்கையும் ஒன்றாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் புதிய லீக்கில் எல்லோருக்கும் இடம் கிடையாது. இங்கே ஒரு டீம், அங்கே ஒரு டீம் என்று சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார்கள். ஒவ்வொரு ஜோடியும் அந்த ஊரில் ஒன்று, இந்த ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டம் ஆடவேண்டும். இரண்டிலும் சேர்த்து அதிக கோல் போட்டவர்கள் கூட்டு லீக்குக்குப் போவார்கள். மற்றவர்கள் உள்நாட்டிலேயே இரண்டாம் தரமாக ஆடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மேனேஜருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அதைக் கூட்டத்திலேயே சொன்னார்.

"நமக்குன்னு ஒரு கோப்பை இருக்கு, தலைவரே. சின்னதோ பெரிசோ, வருஷா வருஷம் நம்ம நாட்டுக்காரன் ஒருத்தன் தூக்கறான். சேர்ந்துட்டா அதையும் அவங்களே தூக்கிட்டுப் போயிடுவாங்க. நம்ம ஊர்ப் பசங்க கோப்பையை டிவியிலதான் பாக்கணும்."

"காலி கேலரிக்கு முன்னால கோப்பையைத் தூக்கி யாருக்குய்யா காட்டறது?" என்றார் தலைவர்.

தலைவர் சொன்னதும் சரி, தான் சொன்னதும் சரி என்றே மேனேஜருக்குப் பட்டது. இரண்டும் சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மேனேஜரின் மனைவி பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவள்.

"காய்கறி லாரி பாலம் தாண்டுது, சிமெண்ட் தாண்டுது, கல்யாணமாகி நானே தாண்டி வந்துட்டேன். பந்து மட்டும் தாண்டக் கூடாதாக்கும்?" என்றாள்.

"உனக்குப் புரியாது."

"எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியுது. அப்பாவைப் பாக்கணும்னா நான் வரிசையில நின்னு, முத்திரை வாங்கி, ரெண்டு பஸ் மாறிப் போகணும். போன தடவை அவர் பக்கத்துல உக்காந்து ஒரு வாய் காபி குடிக்கிறதுக்குள்ள திரும்புற பஸ் வந்துடுச்சு. டீம் பஸ்ஸுன்னா தனி வழி, வரிசையே கிடையாது. கூட்டு லீக் வந்தா நம்ம பஸ் மாசத்துல ரெண்டு தடவையாவது அந்தப் பக்கம் போகும். போற ரோட்டுலயே அப்பா கடை. நான் அங்க எறங்கிக்குவேன். மேட்ச் முடிஞ்சு நீங்க திரும்பறப்ப ஏறிக்குவேன்."

"டீம் பஸ்ல குடும்பத்தை எல்லாம் ஏத்த முடியாது."

"தலைவர்கிட்ட கேட்டாச்சு. ஜோடி ஆட்டத்துக்கு டீம் ஆளுங்களுக்கு மட்டும்தான் எல்லையில அனுமதியாம், லீக்ல சேர்ந்துட்டா தாராளமா வாம்மான்னு சொல்லிட்டாரு."

அவளுடைய அப்பா, அதாவது மேனேஜரின் மாமனார், நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மனைவி காலமான பிறகு கடைக்குப் பின்னாலேயே தனியாக இருந்தார். கடையைப் போட்டுவிட்டு எங்கேயும் நகரமாட்டார். மகளுக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருந்தது அந்த ஊர் டீமின் மேல். கல்லாவுக்கு மேலே அதன் கொடி தொங்கும். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்த டீமு?" என்பதுதான்.

ஆனாலும் மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் இத்தனை வருஷத்தில் சண்டை வந்ததில்லை. லீக் வேறு வேறு என்பதால் இரண்டு டீமும் மோதப்போவதே இல்லை. எங்கள் டீம் உங்கள் டீமை ஊதித் தள்ளிவிடும் என்று இருவரும் போனில் தாராளமாகப் பெருமையடித்துக்கொள்ளலாம். யாரும் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. குடும்பம் அப்படித்தான் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.

சீட்டுக் குலுக்கினார்கள். மேனேஜரின் டீமுக்கு ஜோடியாக வந்தது மாமனாரின் டீம். முதல் ஆட்டம் அங்கே.

லாட்ஜ் இல்லை என்று கேட்டதும் தலைவர் கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை.

"உன் மாமனார் கடை மாடியில பெரிய ஹால் இருக்குன்னு சொல்லுவியே? பாய் விரிச்சா முடிஞ்சுது. சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம்."

"தலைவரே, அவரு எதிரி டீமோட ஆளு."

"மாமனாருய்யா! சொந்த மாப்பிள்ளைக்கு விஷமா வெச்சிடுவாரு?"

விஷம் வைக்கமாட்டார் என்பது மேனேஜருக்கும் தெரியும். அவர் பயந்தது சாப்பாட்டுக்கு. கல்யாணமான புதிதில் அந்தக் கடையில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு பழைய பேண்ட் எதையும் போட முடியாமல் போனவர். அதனால் பஸ்ஸிலேயே எல்லோரையும் எச்சரித்தார்.

"அளவா சாப்பிடுங்க. ரொம்ப வற்புறுத்தினா வயிறு சரியில்லைன்னு சொல்லிடுங்க."

மாமனார் வாசலிலேயே காத்திருந்தார். புது வேட்டி, கையில் பெரிய கரண்டி. "வாங்க மாப்பிள்ளை! வாங்க தம்பிகளா! கொடி என்னவோ வேறதான், வயிறு ஒண்ணுதானே? உக்காருங்க" என்றார்.

சோறு வந்தது. கறி வந்தது. மீன் வந்தது. அது காலியாகுமுன் இன்னொரு வகைக் கறி வந்தது. 'சுவர்' என்று பட்டப்பேர் வாங்கியிருந்த கோல்கீப்பர்தான் முதலில் மேனேஜர் பேச்சைக் கேட்டார்.

"போதுங்கய்யா. வயிறு சரியில்ல."

"அடடா, அதை மொதல்லயே சொல்றதில்லையா?" என்று மாமனார் உள்ளே ஓடினார். வயிற்றுக்கு இதமாக ஒரு கஞ்சி, அந்தக் கஞ்சிக்குத் தோதாக ஒரு துவையல், அந்தத் துவையல் காரமாக இருந்தால் ஆற்றிக்கொள்ள ஒரு இனிப்பு என்று மூன்று பாத்திரங்களோடு திரும்பி வந்தார். சுவர் முன்பைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டியதாயிற்று.

மற்றவர்கள் சுதாரித்துக்கொண்டு, வயிறு நன்றாக இருக்கிறது, ஆனால் போதும் என்றார்கள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு கூச்சப்படறீங்க. இன்னும் ஒரு கரண்டி!"

"மனுஷன் பாராட்டை எதிர்பார்க்கறாரு போல. பாராட்டிட்டா விட்டுடுவாரு" என்று பயிற்சியாளர் மேனேஜரின் காதில் சொல்லிவிட்டு, "ஐயா, இந்த மாதிரி மீன் நான் என் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல" என்றார் உரக்க. அவருக்கு மட்டும் தனியாக மேலும் நாலு துண்டு வந்தது.

கடைசியில் மேனேஜரே எழுந்து நின்றார். "மாமா, நாளைக்கு ஓடணும். தயவு செஞ்சு நிறுத்துங்க."

மாமனார் முகம் வாடிவிட்டது. கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனார். ஐந்தாவது நிமிஷம் மேனேஜரின் போன் அடித்தது.

"என்னங்க, அப்பாவை அத்தனை பேர் முன்னால அவமானப்படுத்தினீங்களாமே?" என்றாள் மனைவி. "வீட்டுல ஆள் சேர்ந்து சாப்பிட்டு எத்தனை மாசமாச்சு அவருக்கு! ஆசையா போட்டா ரெண்டு வாய் சாப்பிட்டா என்ன குறைஞ்சு போகும்?"

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். மறுநாள் காலையிலும் உட்கார்ந்தார்கள்.

ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுவர் அன்று உண்மையிலேயே சுவராக நின்றார். பந்து அவருக்கு வலப்புறம் ஒரு முறையும் இடப்புறம் இரண்டு முறையும் போனது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பயிற்சியாளர் திட்டுவதற்காக எழுந்தார், முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மூன்றுக்குப் பூஜ்யம்.

எதிர்க் கேலரியில் மாமனார் தன் கொடியோடு இருந்தார். முதல் கோலுக்கு எழுந்து ஆட்டினார். இரண்டாவதற்கு உட்கார்ந்தபடி ஆட்டினார். மூன்றாவது கோலுக்குக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பக்கம் பார்த்தார். அதை மேனேஜர் கவனிக்கிற நிலைமையில் இல்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"மாமா, நேராவே கேக்கறேன். வேணும்னேதானே பண்ணீங்க?"

"என்ன மாப்பிள்ளை பண்ணேன்?"

"சோத்தைப் போட்டே எங்களைத் தோக்கடிச்சிட்டீங்க. அந்த மூணு கோலும் உங்க டீம் போடல. உங்க கரண்டி போட்டது!"

மாமனார் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"என் பொண்ணுக்குப் போட வேண்டியதையும் சேர்த்துப் போட்டேன் மாப்பிள்ளை. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ் பாலம் ஏறும்போதே மேனேஜருக்கு மனசு உறுத்த ஆரம்பித்தது. தனக்கு இந்தக் கூட்டு லீக் பிடிக்காமல் போனதன் காரணம் அப்போதுதான் அவருக்கே புரிந்தது. நாடு, கோப்பை என்பதெல்லாம் நிஜம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கடியில் இன்னொன்று இருந்தது. முகம் தெரியாதவனிடம் தோற்றால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். தெரிந்தவரிடம் தோற்றால் அதற்குப் பிறகும் அவர் வீட்டுக்குப் போகவேண்டும், வரவேண்டும், சிரிக்கவேண்டும். அண்டை வீட்டோடு ஆடும் ஆட்டத்தில் அதுதான் கஷ்டம். அதைத் தன்னால் தாங்க முடியாது என்பதை முதல் ஆட்டத்திலேயே அவர் காட்டிவிட்டார். அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

வீட்டில் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். காபி வந்தது, சாப்பாடு வந்தது, வார்த்தை மட்டும் வரவில்லை. இரண்டு நாள் தாங்கிப் பார்த்துவிட்டு மேனேஜர் மாமனாருக்குப் போன் செய்தார்.

"மாமா, அன்னிக்குக் கோபத்துல ஏதோ சொல்லிட்டேன்."

"அது கிடக்கட்டும் மாப்பிள்ளை. எனக்கு ஒரு சந்தேகம். நெஜமாவே என் சாப்பாட்டாலதான் தோத்தீங்களா, இல்ல சும்மா பேச்சுக்குச் சொன்னீங்களா?"

ஆமாம் என்றால் பழி சொன்னதாகும், இல்லை என்றால் ஆளை அசத்துகிற அளவுக்குச் சாப்பாட்டில் ருசி இல்லை என்று சொன்னதாகும். மேனேஜர் யோசித்து, சாமர்த்தியமாகப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

"உங்க கை ருசி அப்படி மாமா. சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியல. நிறுத்தினப்புறம் எந்திரிக்க முடியல."

"யாரா இருந்தாலும் அப்படித்தான் ஆகுமா?"

"யாரா இருந்தாலும், மாமா. எப்பேர்ப்பட்ட டீமா இருந்தாலும் சரி."

"ஓகோ" என்றார் மாமனார். குரலில் கொஞ்சம் தெம்பு வந்ததுபோல இருந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று நம்பி மேனேஜர் அடுத்த காரியத்தையும் செய்தார். இரண்டாவது ஆட்டத்துக்கு அவருக்கு முதல் வரிசை டிக்கெட் அனுப்பி வைத்தார். அது உள்ளூர் ரசிகர்கள் உட்காரும் பக்கம் என்பது அனுப்பிய பிறகுதான் உறைத்தது. டிக்கெட் அப்படியே திரும்பி வந்துவிட்டது. எங்கள் கொடி இல்லாத இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை, தவிரவும் அன்றைக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று மகளிடம் சொல்லியனுப்பினார்.

"பாத்தீங்களா? இன்னும் மனசு ஆறல அவருக்கு" என்றாள் மனைவி. வெகு நாள் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அதுதான். பிறகு மெதுவாக, "நாலு கோல் போடணும் இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா."

"போட முடியுமா?"

"நம்ம ஆளுங்க சேர்ந்தாப்பல நாலு கோல் போட்டு நான் பாத்ததில்ல."

அவள் எழுந்து போனாள். அலமாரியில் அப்பாவுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டு, இன்னும் பிரிக்காமலே இருந்தது. இப்போதைக்குத் தேவைப்படாது என்பதுபோல அதை மேலே இருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தாள். கூட்டு லீக் வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்து பேசிய மனிதர் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று முதல் முறையாக நினைத்தார்.

இரண்டாவது ஆட்டத்தன்று எதிரணி பஸ் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. வழியில் டயர் பஞ்சராகியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் இறங்கியதும் உடை மாற்றி மைதானத்துக்கு வரவே நேரம் சரியாக இருந்தது. நல்ல வெயில். மேனேஜர் தன் ஆட்களைச் சுற்றி நிற்க வைத்து, பேசத் தெரியாதவர், பேசினார். "கோப்பைக்காக வேண்டாம்ப்பா. கூட்டு லீக்குக்காகவும் வேண்டாம். அந்தப் பாலம் இருக்கே, அது சும்மா கிடக்கக் கூடாது. அதுக்காக ஆடுங்க." யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் கண் கலங்கியதைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பிறகு நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இப்போதும் பேசிக்கொள்கிறார்கள். முதல் கோல் சீக்கிரமே விழுந்தது. இரண்டாவது கோலின்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது. முதல் ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவர், கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டார். நாலாவது கோல் விழுந்தபோது காலியாகவே கிடந்து பழகிய கேலரி எழுந்து நின்று கத்தியது.

வெற்றிக்கு உரிமை கொண்டாட மூன்று பேர் இருந்தார்கள். தன் புதிய வியூகம் என்றார் பயிற்சியாளர். தான் வாங்கிக் கொடுத்த புது ஜெர்ஸி என்றார் தலைவர். மேனேஜர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தன் பேச்சுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"எல்லாம் உழைப்பு" என்றார் மனைவியிடம். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அடுத்த மாசம் கூட்டு லீக் தொடங்கியதுமே அப்பாவைப் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் அவள் முகம் மாறியது. "அப்பா டீமு வெளிய போயிடுச்சு இல்ல?" என்றாள்.

மேனேஜருக்கும் அப்போதுதான் அது நெஞ்சில் தைத்தது. கல்லாவுக்கு மேலே தொங்கும் அந்தக் கொடி நினைவுக்கு வந்தது. கடையில் தனியாக உட்கார்ந்து இந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருப்பார் மனுஷன். அன்றைக்கு இவரைப் பிடித்துக் கண்டபடி திட்டினோம், இன்றைக்கு இவர் டீமையும் கவிழ்த்தோம். போனில் சொல்வதைவிட யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியனுப்பலாம் என்று மேனேஜர் கிளம்பினார்.

மைதானத்துக்குப் பின்னால் எதிரணி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே வீரர்கள் பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். டிரைவர் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு உதவி" என்றார் மேனேஜர். "போற வழியில, உங்க ஊருக்கு முன்னால, ரோட்டோரமா ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும். கொடி கட்டியிருக்கும். அங்க ஒரு பெரியவர்..."

"கரண்டிக்காரரா? அவரை மறக்க முடியுமா சார்?" டிரைவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். "காலையில ரோட்டுக்கு நடுவுல வந்து கையை விரிச்சு பஸ்ஸை மறிச்சிட்டாரு. நம்ம டீமு, நம்ம பசங்க, சும்மா அனுப்புவேனான்னு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாரு. போதும்னு தட்டை மூடினா கைமேலயே போடறாரு. அதுலதான் லேட்டு."

மேனேஜர் படியில் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சொந்த டீமுக்கும் இதே உபசாரம்! அப்படியானால் அன்றைக்கு அவர் செய்ததில் சூது எதுவும் இல்லை. அன்பாகப் போடத் தெரியும், அளவாகப் போடத் தெரியாது, அவ்வளவுதான். பாவம், தன் டீமைத் தன் கையாலேயே தோற்கடித்துவிட்டதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

"நல்ல மனுஷன். வெகுளி" என்றார் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற ஏதாவது சொன்னாரா?"

"அது என்னமோ சார், ஒவ்வொருத்தன் தட்டுலயும் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டின்னு போட்டுட்டு, 'கோவிச்சுக்காதீங்கப்பா, அடுத்த மாசம் என் பொண்ணு ஊருக்கு வரணும்'னு சொல்லிச் சொல்லிக் கும்பிட்டாரு."